பென் ஏன் சாக வேண்டும்?

நார்வே இயக்குநர் எஸ்கில் வோக்ட் எழுதி இயக்கிய 'களங்கமற்றவர்கள்' (2021) படத்தை நண்பர்கள் ஆறு பேர் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து பார்த்தோம். முடிவில் பென் என்கிற சிறுவன் ஊஞ்சலில் அமர்ந்தபடியே செத்துப்போகிறான். "அப்பாடா, ஒழிஞ்சான்" என்றார் ஒரு நண்பர். சொன்னது அவர்தான், நெனச்சது நானும்தான். ஒரு குழந்தையின் சாவுக்காக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்னைக் காத்திருக்க வைத்தது எது?

படத்தில் பெரிய அரங்கமைப்புகள் இல்லை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஒரு கோடை விடுமுறை, நான்கு பிள்ளைகள், அவ்வளவுதான். புதிதாகக் குடிவரும் ஈடா. பேச்சற்ற, ஆட்டிசம் கொண்ட அவளது அக்கா அன்னா. பொருட்களை மனத்தால் நகர்த்தும் பென். பிறர் நினைப்பதைக் கேட்கும் ஆயிஷா. பெரியவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை.

ஆபத்தான ஆற்றலுடைய குழந்தை திரைக்குப் புதிதல்ல. 'தீய விதை' (1956) குற்றத்தை ரத்தத்தில் தேடியது. பாட்டி கொலைகாரி, ஆகவே பேத்தியும் கொலைகாரி. 'சபிக்கப்பட்டவர்களின் கிராமம்' (1960) வெளியிலிருந்து வந்த வெளிர்முடிப் பிள்ளைகளை, அவர்களுக்குப் பாடம் சொன்னவர் கொண்டுவந்த வெடிகுண்டாலேயே அழித்தது. வோக்ட் இவ்வளவு தட்டையானவரல்ல. பென்னின் உடம்பில் உள்ள காயத்தழும்பை ஒருமுறை காட்டுகிறார். பெரிய பையன்களிடம் அவன் படும் அவமானத்தையும் காட்டுகிறார். ஆனால் அந்தத் தழும்பு காரணமாகச் சொல்லப்படுகிறதே ஒழிய, வலியாக நம்மிடம் வந்து சேர்வதில்லை.

ஈடாவும் வன்முறை தெரிந்தவள்தான். அக்காவைக் கிள்ளுகிறாள், அவள் செருப்புக்குள் கண்ணாடிச் சில்லுகளைப் போடுகிறாள். பூனையை மாடிக்குத் தூக்கிச் செல்வதில் அவளும் கூட்டு. தலையை மிதித்துக் கொல்பவன் பென். அவள் மிரண்டு விலகுகிறாள். பிறகு பென்னைப் பாலத்திலிருந்து தள்ளுகிறாள். அதுவும் கொலை முயற்சிதானே! அதை நாம் துணிச்சல் என்று வாசிக்கிறோம். காரணம், கேமரா பெரும்பாலும் ஈடாவின் கண் உயரத்திலேயே நடக்கிறது. அவளுக்குக் குற்றத்திலிருந்து மனசாட்சிக்குப் போக ஒரு பாதை உண்டு. பென்னுக்கு அந்தப் பாதை போடப்படவே இல்லை. அவன் வீட்டுக்குள் நாம் போகும்போது பெரும்பாலும் அங்கே குற்றம்தான் காத்திருக்கிறது.

ஈடாவுக்கு அப்பாவும் அம்மாவும் உண்டு, அவள் வெள்ளைப் பெண். பென்னும் ஆயிஷாவும் நிறத்தால் வேறானவர்கள். இருவர் வீட்டிலும் அம்மா மட்டும்தான். முடிவில் சாகிறவர்கள் இந்த இருவர். ஆயிஷா நல்லவள்தான், ஆனால் அவளது ஆற்றலுக்குக் கிடைக்கும் வேலை என்ன? அன்னாவின் வாயாக இருப்பது, அவள் வலியைத் தன் காலில் வாங்கிக்கொள்வது. வேலை முடிந்ததும் பெற்ற தாயின் கத்தியாலேயே சாகிறாள். பேச முடியாத ஒரு பெண்ணை இரக்கத்துக்குரிய பொருளாக்காமல் வலிமையுள்ளவளாக நிறுத்தியது இந்தப் படத்தின் உண்மையான சாதனை. அதை நான் மறுக்கவில்லை. அதற்கு விலை கொடுத்தது யார் என்று மட்டும் கேட்கிறேன்.

"படம் நிறத்தப் பத்திப் பேசவே இல்லையே தோழர்" என்றார் நண்பர். உண்மை. பேசாமலிருப்பதால்தான் அது இவ்வளவு இயல்பாக நடக்கிறது. ஆனால் படம் எடுக்கப்பட்ட இடம் பேசுகிறது. ஒஸ்லோவின் கிழக்கே குரோருத் பள்ளத்தாக்கிலுள்ள ரும்சோஸ் குடியிருப்பு அது. உழைக்கும் மக்களுக்காக எழுந்த அப்பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் பின்னர் பாகிஸ்தானியர், சோமாலியர், ஈழத்தமிழர் எனப் பலரும் குடியேறினார்கள். அந்த ஊஞ்சல்களில் நம்ம பிள்ளைகளும் ஆடியிருப்பார்கள். பென்னின் முகம் எனக்கு அந்நியமான முகமல்ல. இருந்தும் நான் ஈடாவின் பக்கம்தான் நின்றேன்.

மொழி, உருவகம், குறியீடு என்று முதுகலையில் படித்த எதுவும் அந்தப் பெருமூச்சைத் தடுக்கவில்லை. ஒரு பிரதியின் அதிகாரம் அது சொல்லும் கருத்தில் மட்டும் இல்லை; யார் செத்தால் நமக்கு மூச்சு லேசாகிறது என்பதிலும் இருக்கிறது. படத்தை இன்னொரு முறை பார்த்தேன். இம்முறை ஊஞ்சல் நின்றபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. பால்கனிகளில் நிற்கும் பிள்ளைகள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்காக அழ அந்தக் குடியிருப்பில் ஒருவர்கூட மிச்சமில்லை. அம்மாவைக்கூட அவன் கையாலேயே கொல்லவைத்துவிட்டது கதை.