ஸ்படிகத்தில் குறை தேடுங்கள்

பாலவாக்கம் கடற்கரையில் ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பாருங்கள். கறுப்புத் துகள்களையும் இளஞ்சிவப்புக் கார்னெட் மணிகளையும் ஒதுக்கினால், மிச்சத்தில் பெரும்பங்கு குவார்ட்ஸ்தான். பாறையில் கூடவே இருந்த ஃபெல்ட்ஸ்பார் காலப்போக்கில் களிமண்ணாகிவிட, குவார்ட்ஸ் மட்டும் ஆற்றில் உருண்டு, அலையில் புரண்டு, கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கிராமத்தில் வெங்கச்சாங்கல், பூஜையறையில் ஸ்படிகம், நகைக்கடையில் செவ்வந்திக்கல் என்று வழங்குவதெல்லாம் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த இந்த ஒரே தாதுதான்.

தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த ஸ்படிகக் கற்களை இழைத்து ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடி செய்தார்கள். கண்ணாடி இழைத்தவருக்கு மாசற்ற கல் வேண்டும். லிங்கம் கடைபவருக்கும் அப்படியே. கடிகாரத்துக்குள் நொடிக்கு 32,768 முறை அதிரும் துண்டிலும் மாசு இருக்கக்கூடாது. அதற்காகவே உயர் அழுத்தக் கலன்களில் குவார்ட்ஸை வளர்த்தெடுக்கிறார்கள். ஸ்படிகம் சேகரிப்பவர்கள் மட்டும் எதிர்த்திசையில் போகிறார்கள். மற்றவர்கள் கழித்துப்போடும் கறை, விரிசல், கோணல் ஆகியவைதான் அவர்களுக்கு வேண்டும். அந்தக் கல் எப்படி வளர்ந்தது என்பதை வேறெதுவும் சொல்வதில்லை.

முதலில் முகங்கள்

இயற்கையான ஸ்படிகம் ஆறு பட்டைகள் கொண்டது. அது குட்டையாக இருக்கலாம், ஒருபக்கம் சப்பையாகவும் இருக்கலாம். ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் சந்திக்கும் கோணம் எப்போதும் 120 டிகிரிதான். டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டெனோ 1669-லேயே இந்த ஒழுங்கைக் கவனித்து எழுதினார். அடுத்து முனையைப் பாருங்கள். ஆறு முக்கோண முகங்களில் பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று பெரிதாகவும் மூன்று சிறிதாகவும் இருக்கும்.

இனி விளக்கொளியில் கல்லைச் சாய்த்துப் பட்டைகளைப் பாருங்கள். நீளவாக்கில் அல்ல, குறுக்குவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடும். இது குவார்ட்ஸின் கையெழுத்து. கடைகளில் கூர்முனையோடு பளபளவென்று நிற்கும் பல 'கிரிஸ்டல்'களில் இந்தக் கோடுகளே இருக்காது. அவை உருவமற்ற கட்டியிலிருந்து வெட்டி மெருகேற்றியவை. கல் அசல்தான், முகங்கள் மட்டும் இயந்திரம் போட்டவை. சேகரிப்பில் அவற்றுக்கு இடமில்லை.

தடைபட்ட வளர்ச்சி

அபூர்வ வகைகள் என்று சொல்லப்படுபவற்றில் பலவும் வளர்ச்சி எங்கோ இடறியதால் வந்தவை. சிலிக்கா கரைந்த வெந்நீர் பாறை இடுக்கில் சுரக்கும்வரை ஸ்படிகம் வளரும். நீர் வற்றினால் நின்றுவிடும். நின்ற நேரத்தில் முகங்களின்மேல் பச்சைக் குளோரைட் தூசு படிந்து, பிறகு மறுபடி வளர்ச்சி தொடங்கினால், தெளிந்த கல்லுக்குள் ஒரு பழைய முனையின் உருவம் தெரியும். அதுதான் ஃபேன்டம். சில கற்களில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல உருவங்களைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு நிறுத்தம்.

இரண்டாம் முறை வந்த நீர் முனையை மட்டும் வளர்த்தால், மெல்லிய தண்டின்மேல் பருத்த தலை அமையும். இது செங்கோல் வகை. வளர்ச்சி மிக வேகமாக நடந்தால் விளிம்புகள் முந்திக்கொள்ள, முகங்களின் நடுப்பகுதி பின்தங்கிவிடும். அப்போது கபாலீஸ்வரர் கோயில் குளத்துப் படிகள்போல முகம் படிப்படியாக உள்ளிறங்கியிருக்கும். பாறை விரிசல் விட்டுவிட்டுத் திறக்க, நடுவில் சிக்கிய ஸ்படிகம் ஒவ்வொரு முறையும் உடைந்து ஒட்டிக்கொண்டால், உள்ளே வெள்ளை நூல் ஒன்று ஓடும். அடி உடைந்து விழுந்த ஸ்படிகம்கூட நீர் கிடைத்தால் உடைந்த இடத்தைச் சிறுசிறு முகங்களால் மூடிக்கொள்கிறது. அடிப்பக்கம் உடைந்திருக்கிறதே என்று தள்ளிவைக்கும் முன் அங்கே லென்ஸை ஒருமுறை கொண்டுபோங்கள்.

இரட்டையாக இணைந்து வளரும் ஸ்படிகங்களில் புகழ்பெற்றது ஜப்பான் வகை. இரண்டு தட்டையான ஸ்படிகங்கள் ஏறத்தாழ 84 டிகிரியில் இணைந்து நிற்கும். இரண்டு கற்கள் தற்செயலாக ஒட்டினால் கோணம் எப்படி வேண்டுமானாலும் இருக்கும். இங்கே அது மாறாது.

நிறத்தை நம்பலாமா?

செவ்வந்திக்கல்லின் ஊதா, கல்லில் கலந்த இரும்பும் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்து தருவது. புகைநிறத்துக்குக் காரணம் அலுமினியமும் அதே கதிர்வீச்சும். செவ்வந்திக்கல்லைச் சூடேற்றினால் மஞ்சளாகும். சந்தையில் சிட்ரின் என்று விற்பதில் பெரும்பகுதி இப்படிச் சுட்டதுதான். அடி வெள்ளையாகவும் முனை மட்டும் கருகிய ஆரஞ்சாகவும் இருக்கும் கொத்தைக் கண்டால் சந்தேகப்படுங்கள். வானவில் பூச்சு மின்னும் கற்கள் உலோக ஆவி படியவைத்தவை. வீட்டில் ஒரு கவனமும் வேண்டும்: ஊதா நிறம் நேரடி வெயிலில் நாளடைவில் வெளுக்கும். கடல் பார்த்த ஜன்னலோரம் செவ்வந்திக்கல்லுக்கு ஏற்ற இடமல்ல.

சென்னையில் கண்ணைப் பழக்க

வாங்குவதற்கு முன் நிறையப் பார்க்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியபோது அதன் முதல் சேகரிப்பே மண்ணியல் மாதிரிகள்தான். மண்ணியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவி, குவார்ட்ஸ் மணல் இறுகி உருமாறிய குவார்ட்சைட்டால் ஆனது. அவருடைய சேகரிப்பு 1904-ல் இதே அருங்காட்சியகத்துக்கு வந்தது. பறங்கிமலையின் சார்னோக்கைட் பாறையை உற்றுப் பார்த்தால் நீலச்சாயல் கொண்ட குவார்ட்ஸ் தென்படும். திண்டிவனத்துக்கு அப்பால் திருவக்கரையில் மரமே சிலிக்காவாக மாறிக் கிடக்கிறது. பறங்கிமலையும் திருவக்கரையும் தேசிய மண்ணியல் நினைவுச்சின்னங்கள். அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது.

வாங்கும் கற்கள் பெரும்பாலும் தொலைவிலிருந்து வருபவை. ஜல்காவ், அவுரங்காபாத் பக்கத்து எரிமலைப் பாறைப் பொந்துகளில் கிடைக்கும் செவ்வந்திக்கல் பலசமயம் ஸ்டில்பைட் என்ற தாதுவோடு சேர்ந்து வரும். துணைக்கற்களையும் தாய்ப்பாறையையும் உடைத்து நீக்காத துண்டாகப் பார்த்து வாங்குங்கள். இமாச்சலத்தின் மணிகரண் பக்கம் தெளிந்த ஸ்படிகங்களுக்குப் பெயர்பெற்றது.

மயிலாப்பூர் மாடவீதியில் ஸ்படிக உருண்டை வாங்கினால், ஒரு தலைமுடியின்மேல் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். அசல் என்றால் சில கோணங்களில் முடி இரண்டாகத் தெரியும். கண்ணாடியில் ஒன்றாகவே இருக்கும். உள்ளே உருண்டையான குமிழிகள் அசையாமல் நின்றால் அதுவும் கண்ணாடியின் அடையாளம். சாய்க்கும்போது குமிழி ஓடினால் செய்தி வேறு: வளர்ந்தபோது சிறைப்பட்ட நீர் இன்னும் உள்ளே இருக்கிறது. அப்படிப்பட்ட கல்லைச் சூட்டில் வைக்காதீர்கள், வெடித்துவிடும்.

சீட்டு எழுதுங்கள்

முதல் கல்லுக்குப் பெரும்பணம் வேண்டாம். கட்டைவிரல் அளவில், உள்ளே ஒரு ஃபேன்டம் உள்ள, முனை லேசாகச் சிதைந்த துண்டு போதும். சிதைவால் விலையும் குறையும். வாங்கிய அன்றே அது கிடைத்த ஊர், வாங்கிய தேதி, விற்றவர் பெயர் மூன்றையும் சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். கடைக்காரர் 'இந்தியா' என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், மாவட்டமாவது கேளுங்கள். முகமும் நிறமும் கல்லிலேயே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயரைக் கல் சொல்லாது. அதை நீங்கள்தான் எழுதிவைக்க வேண்டும்.