நடுவில் இருந்த முதல் அத்தியாயம்

லியு சிஷினின் 'த த்ரீ-பாடி ப்ராப்ளம்' நாவலை கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் வாசித்தேன். சீன மொழியில் எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. நாவல் எங்கே தொடங்குகிறது என்பதில் மட்டும் சந்தேகமே வரவில்லை. 1967, கலாச்சாரப் புரட்சி. இயற்பியல் பேராசிரியர் ஒருவரை மேடையில் நிறுத்தி, பள்ளி மாணவிகள் அடித்தே கொல்கிறார்கள். மகள் யே வென்ஜி கூட்டத்தில் நின்று பார்க்கிறாள். அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றையும், வேற்றுக்கிரகவாசிகளைக்கூட, அந்த மேடையின் நிழலாகவே படித்தேன். "இது அரசியல் நாவல்தான்யா"ன்னு நண்பர்களிடம் அடித்துப் பேசினேன்.

பிறகுதான் தெரிந்தது: 2008இல் சீனாவில் புத்தகமாக வந்தபோது இந்தக் காட்சி கதையின் நடுவில் இருந்தது. சீன வாசகர் நுழைந்தது நிகழ்காலத்தில். நானோ பொருள் ஆய்வாளர் வாங் மியாவ், வீடு தேடி வரும் போலீஸ், அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொள்ளும் விஞ்ஞானிகள். கிட்டத்தட்ட துப்பறியும் கதை. அவருக்கு அந்த மேடை மர்மத்தை அவிழ்க்கும் துப்பு. எனக்கோ கேள்வி எழும் முன்பே கையில் திணிக்கப்பட்ட விடை.

கோபம் வந்துச்சு. மேற்குலகுக்குப் பிடித்த சீனாவை முன்னால் தள்ளிட்டாங்களேன்னு. ஆனால் மேடையை முதலில் வைக்க விரும்பியவர் லியு சிஷினேதான். பிரச்சினை வருமோ என்ற பயத்தில் அங்கே நடுவுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். ஆக ஆங்கிலப் பிரதி ஆசிரியருக்கு நெருக்கம், அவருடைய முதல் வாசகர்களுக்குத் தூரம். கென் லியுவைக் குற்றம் சொல்ல வழியில்லை. எல்லாவற்றையும் 'சீன அரசியல்' என்று ஒரே டப்பாவில் போட்டது நான்தான்.

ஹாவ் ஜிங்ஃபாங்கின் 'ஃபோல்டிங் பெய்ஜிங்'கிலும் அதையே செய்திருந்தேன். மடிந்து திரும்பும் நகரம். மேலே இருக்கும் 50 லட்சம் பேருக்கு முழுதாக 24 மணி நேரம்; அடித்தட்டில் 5 கோடிப் பேருக்கு இரவில் 8 மணி நேரம். பக்க ஓரத்தில் 'சர்வாதிகாரம்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். மறுபடி படித்தபோது அந்தச் சொல் ஒட்டவில்லை. குப்பை பிரிக்கும் லாவ் தாவ் உயிரைப் பணயம் வைத்து மேலே போவது புரட்சிக்கு அல்ல. எடுத்து வளர்க்கும் மகளை நல்ல பாலர் பள்ளியில் சேர்க்கப் பணம் வேண்டும். குப்பை பிரிக்க இயந்திரம் உண்டு, கோடிக்கணக்கானவர்களின் வேலை போய்விடும் என்பதால் அதைக் கொண்டுவரவில்லை. ஹாவ் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வேலைக்குத் தேவைப்படாத மனிதர்களை எங்கே வைப்பது என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தப் பென்சில் சொல்லை அழிக்கவில்லை. பக்கத்திலேயே 'ஸ்கூல் ஃபீஸ்' என்று எழுதியிருக்கிறேன்.