வகுப்புக்கு முன்னே ஒரு வகுப்பு

நீட் எழுதுவது மே மாதத் தொடக்கத்தில். மதிப்பெண் வருவது ஜூனில். கலந்தாய்வு, ஒதுக்கீட்டு ஆணை, சான்றிதழ் சரிபார்ப்பு என்று ஒவ்வொன்றாக முடிந்து எம்.பி.பி.எஸ். முதலாண்டு தொடங்குவதற்குள் செப்டம்பரோ அக்டோபரோ ஆகிவிடுகிறது. இடைப்பட்ட மாதங்களில் மாணவர் என்ன செய்வது என்பதைச் சுற்றி இன்று ஒரு வழக்கமே வளர்ந்து நிற்கிறது. வீட்டில் நடக்கும் தயாரிப்பு ஒன்று: சவுராசியாவின் அனாட்டமி புத்தகம், சீனியரிடம் வாங்கிய எலும்புப் பெட்டி, கைப்பேசிச் செயலிக்கு ஆண்டுச் சந்தா. கல்லூரி நடத்தும் தயாரிப்பு இன்னொன்று: 2019இல் பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்ட அடித்தளப் பயிற்சி. இரண்டும் நல்ல நோக்கத்தில் பிறந்தவைதான். யாருக்கு உதவுகின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்று பார்த்தால்தான் அவற்றின் தரம் தெரியும்.

கரையிலிருந்து பார்த்தால்

மணப்பாட்டு மீனவக் குடும்பத்து மாணவி ஒருத்திக்குத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்லூரி 2000இல் தொடங்கியது. மணப்பாட்டிலிருந்து திருச்செந்தூர் வழியாகப் போனால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்கிய ஊர் மணப்பாடு. மணற்குன்றின் மேலிருக்கும் திருச்சிலுவை ஆலயத்தில் செப்டம்பர் 14 திருவிழாவுக்கு வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்து சேரும். வகுப்பே தொடங்கியிருக்காது, அதற்குள் ‘டாக்டரம்மா’ என்றுதான் அவளை விசாரிப்பார்கள். தனக்கு வந்த காய்ச்சலுக்கு எந்த மாத்திரை என்று கேட்கவும் ஆள் இருக்கும்.

அந்தப் பாசம் ஒரு சுமையும்கூட. வீட்டில் யாரும் மருத்துவம் படித்ததில்லை. முதலாண்டு எப்படி இருக்கும் என்று கேட்க ஆளில்லை. மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் தகவலை இவள் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. முன்தயாரிப்புச் சந்தை பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

எலும்புப் பெட்டியும் செயலியும்

வீட்டுத் தயாரிப்பின் நன்மையை மறுக்க முடியாது. முதலாண்டில் மூன்று பாடங்கள்: அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. இவற்றில் அனாட்டமி கொண்டுவரும் லத்தீன், கிரேக்கப் பெயர்களின் கூட்டமே பலரை மலைக்க வைக்கிறது. தமிழ்வழியில் படித்தவருக்கு அந்தப் பெயர்களோடு வேகமான ஆங்கில விரிவுரையும் சேர்ந்துகொள்கிறது. முன்கூட்டியே சில காணொளிகளைக் கேட்டிருந்தால் காது பழகும். முதல் வாரத்தில் எழுந்து ஒரு சந்தேகம் கேட்கும் துணிச்சல் வரும். பதற்றம் குறைவதே ஒரு லாபம்தான்.

குறை எங்கே என்பதை ஒரு எலும்பைக் கையிலெடுத்துக் காட்டலாம். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் மேற்கை எலும்பை, அதாவது ஹியூமரஸை, நீட்டுவார். அது வலக்கையா இடக்கையா என்பது முதல் கேள்வி. உருண்டைத் தலை மேலே உள்நோக்கியும், கீழ்முனையிலுள்ள ஆழமான குழி பின்பக்கமும் வரும்படி எலும்பைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அடுத்த கேள்வி, நடுத்தண்டின் பின்புறம் சாய்வாக ஓடும் பள்ளத்தில் என்ன செல்கிறது என்பது. ரேடியல் நரம்பு. அந்த இடத்தில் எலும்பு முறிந்தால்? மணிக்கட்டை நிமிர்த்த முடியாமல் கை தொங்கிப்போகலாம். மூன்று பதில்களும் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உடலறுவைக் கூடத்தில் அந்த நரம்பைத் தசைக்கடியில் தேடிப் பிரித்தெடுத்தவருக்கு மூன்றும் ஒரே செய்தியாக நிற்கும். ஜூலை மாதத்தில் வீட்டுத் திண்ணையில் படித்தவருக்கு மூன்று தனித்தனிக் குறிப்புகளாக நின்று, நவம்பருக்குள் இரண்டு மறந்துபோயிருக்கும்.

எனவே எலும்புப் பெட்டி வாங்குவதில் தவறில்லை. வாங்கும் காலம்தான் தவறு. ஸ்டெதாஸ்கோப்பும் அப்படித்தான். முதலாண்டில் பிசியாலஜி செய்முறைக்கு ஒரு சாதாரணக் கருவி போதும். கடன் வாங்கி விலையுயர்ந்ததை எடுக்க வேண்டியதில்லை.

செயலிச் சந்தா இன்னும் யோசிக்க வேண்டிய விஷயம். பெரிய செயலிகள் வளர்ந்ததே முதுநிலை நீட் தேர்வை நம்பித்தான். அதையே முதலாண்டு மாணவருக்கும் விற்கும்போது, ஐந்தாண்டுக்கு அப்பால் உள்ள தேர்வின் அச்சத்தையும் சேர்த்தே விற்கிறார்கள். இங்கே ஒரு புள்ளிவிவரம் பொருந்தும். நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கைப்படி, தமிழகத்தில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை முயன்றவர்களின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. ஓராண்டோ இரண்டாண்டோ பயிற்சி மையத்தில் உட்கார்ந்து, நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கிப் பழகியவர்களே இன்று முதலாண்டு வகுப்பில் பெரும்பான்மை. முதலாண்டுத் தேர்வோ பக்கக்கணக்கில் எழுதச் சொல்கிறது, படம் வரையச் சொல்கிறது, வாய்திறந்து பேசச் சொல்கிறது. எழுதும், பேசும் பழக்கத்தை மீட்டெடுக்க வேண்டிய மாதங்களில் மீண்டும் கொள்குறி வினாக்களையே தீர்த்துக்கொண்டிருந்தால், பழைய காயத்தின் மேலேயே புதுக் கட்டுப் போடுவதாகிவிடும்.

175 மணி நேரம்

கல்லூரியின் தயாரிப்புக்கு வருவோம். இந்திய மருத்துவக் கவுன்சில் 2019இல் திறன்சார் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது, முதலாண்டின் தொடக்கத்தில் ஒரு மாத அடித்தளப் பயிற்சியை வைத்தது. மொத்தம் 175 மணி நேரம். அறிமுகத்துக்கு 30, முதலுதவி முதல் மருத்துவக் கழிவு கையாளுதல் வரையிலான திறன்களுக்கு 35, தொழில்நெறிக்கும் அறவியலுக்கும் 40, மொழிக்கும் கணினிக்கும் 40, விளையாட்டு, கலைகளுக்கு 22, சமூக நல மையத்தைப் போய்ப் பார்க்க 8.

இந்தப் பட்டியலை எழுதியவர்கள் மாணவரைப் புரிந்துகொண்டவர்கள். பள்ளியிலிருந்து வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையை நேரே பிணக்கூடத்துக்குள் தள்ளாமல், படிப்பது எப்படி, தூங்குவது எப்படி, மனம் சோர்ந்தால் யாரிடம் போவது என்று சொல்லித்தர ஒரு மாதம் ஒதுக்கியது பெரிய மாற்றம். அறிமுக நாட்களிலேயே ராகிங் பற்றிப் பேசப்படுவதற்குத் தமிழகத்தில் தனிக் காரணம் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு 1996இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. உடல்தானம் செய்தவர்களை மதிப்போம் என்று உடலறுவைக்கு முன் எடுக்கும் உறுதிமொழியும் பல கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. முன்னால் கிடப்பது படிப்புக்கான பொருள் மட்டுமில்லை என்று முதல் நாளே உணர வைப்பது நல்ல தொடக்கம்.

குறைகளில் பெரும்பாலானவை பட்டியலில் இல்லை, நடைமுறையில் இருக்கின்றன. அறவியல் என்ற பெயரில் 150 பேரை ஓர் அரங்கில் உட்காரவைத்து ஒருவர் பேசுகிறார். மற்றவர் கேட்கிறார்கள், அல்லது கேட்பதுபோல் இருக்கிறார்கள். தேர்வில் வராத எதையும் பொருட்படுத்தாமலிருக்கப் பயிற்சி மையங்கள் பழக்கியிருக்கின்றன. அடித்தளப் பயிற்சியில் வருகைப்பதிவு உண்டு, தேர்வு இல்லை. தொற்றுக்காலத்தில் சேர்க்கை தள்ளிப்போனபோது முதலில் சுருங்கியது இந்த மாதம்தான். பின்னர் வந்த விதிகளிலும் அதன் காலம் குறைந்தது. வெள்ளை அங்கி அணிவிக்கும் விழா மட்டும் சுருங்கவில்லை. 1993இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சடங்கு அது. பெற்றோருக்குக் கல்லூரி வாசலைத் திறந்துவிடுவது அதன் நன்மை. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

முதற்பட்டியலிலேயே உள்ள ஒரே பெரிய பிழை, அந்த எட்டு மணி நேரம். 175இல் ஐந்து விழுக்காடுகூட இல்லை. நோயாளிகள் வாழும் இடத்தைப் பார்க்க ஒரே நாள்! பின்னர் வந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இதை ஓரளவு சரிசெய்கிறது. ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களை முதலாண்டிலிருந்தே தொடர்ந்து பார்க்க வேண்டும் என்கிறது அது. ஆனால் பதிவேட்டை நிரப்புவதோடு அது நின்றுவிடாமலிருக்கப் பேராசிரியர்கள் கூடவே ஊருக்குள் நடக்க வேண்டும்.

விடுபடுகிறவர்கள்

இந்தப் பயிற்சி அதிகம் தேவைப்படுபவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. கலந்தாய்வின் பிந்தைய சுற்றுகளிலும், கடைசியில் எஞ்சும் இடங்களுக்கான சுற்றிலும் சேர்பவர்கள் வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள் கழித்தே வருகிறார்கள். அதற்குள் அடித்தளப் பயிற்சி முடிந்து, மேற்கைப் பாடமும் பாதி ஓடியிருக்கும். அவர்களுக்கு அறிமுகமும் கிடையாது, ஆறுதலும் கிடையாது.

இன்னொரு விடுபடல் இந்தக் கரைக்கு நெருக்கமானது. 2020இல் தமிழக அரசு கொண்டுவந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அது செல்லும் என்றது. அரசுப் பள்ளி மாணவர்களை மருத்துவக் கல்லூரிக்குள் மீண்டும் கொண்டுவந்த நல்ல சட்டம் அது. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளிகள் அதில் இல்லை. முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் பல பள்ளிகள் திருச்சபை நடத்தும் உதவிபெறும் பள்ளிகள். ஒரே தெருவில் ஒரே வருமானத்தில் வாழும் இரண்டு மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளில், அரசுப் பள்ளிக்குப் போனவருக்கு இடமும் கட்டணமும். கோயிலையொட்டிய பள்ளிக்குப் போனவருக்குப் பொதுப் போட்டி. முன்தயாரிப்புக்குச் செலவழிக்க முடியாதவர் யார் என்பதைப் பள்ளியின் பெயர்ப்பலகையை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

எது தயாரிப்பு?

அடித்தளப் பயிற்சியின் மொழிக்கூறு இரண்டு பக்கமும் ஓட வேண்டியது. அகில இந்திய ஒதுக்கீட்டில் வரும் வெளிமாநில மாணவருக்குத் தமிழ் வேண்டும்; தமிழ்வழி மாணவருக்கு ஆங்கிலம் வேண்டும். ‘மேலுக்கு முடியல, மண்டையிடி, கிறுகிறுன்னு வருது’ என்று சொல்லும் பாட்டியிடம் விவரம் கேட்டறிவதில் மணப்பாட்டு மாணவி வகுப்பிலேயே முன்னால் நிற்பாள். அவளை ஆங்கிலம் தெரியாதவள் என்று மட்டும் கணக்கெடுக்காமல், வெளிமாநில மாணவரோடு இணையாக உட்காரவைத்தால் இருவருக்கும் பாடம் நடக்கும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் 1840களின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி, 1860களில் தமிழுக்கே மாறினார். பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் உருவானார்கள். தமிழ்வழியில் யோசிப்பவருக்கு மருத்துவம் எட்டாது என்ற எண்ணத்துக்கு, நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய அந்த வகுப்பறையே மறுப்பு.

ஊரிலிருந்து கொண்டுவரும் அறிவுக்கும் பாடத்திட்டத்தில் இடம் வேண்டும். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். சங்கு குளிப்பு தொடர்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் உடலின் மேல் அழுத்தம் இருமடங்காகிறது. காதுக்குள் வலி ஏன் வருகிறது, கம்ப்ரசர் காற்றை இழுத்துக்கொண்டு நெடுநேரம் ஆழத்தில் இருந்தவர் சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் ஏன் குமிழாகிறது என்பதெல்லாம் முதலாண்டு பிசியாலஜிதான். மாமா ஒருவர் சங்கு குளிக்கப் போகும் வீட்டிலிருந்து வருபவருக்கு அந்தப் பாடம் வீட்டுக் கவலையாகவே தெரியும். கடற்கரை மாணவர்களிடம் இதைக் கேட்டு வகுப்பைத் தொடங்க ஓர் ஆசிரியருக்கு எந்த விதியும் தடையில்லை.

ஆகவே தயாராவது தேவையில்லை என்று சொல்வதற்கில்லை. அடுத்த தேர்வுக்குத் தயாராவதை மருத்துவத்துக்குத் தயாராவதாக நினைத்துக்கொள்வதுதான் இன்றைய கோளாறு. சேரவிருக்கும் மாணவர் இரண்டாண்டு பயிற்சியில் கெட்ட தூக்கத்தை முதலில் மீட்டுக்கொள்ளலாம். தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் கையால் எழுதலாம். ஒரு விரிவுரையைக் கேட்டுத் தன் சொற்களில் சுருக்கிச் சொல்லிப் பார்க்கலாம். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளர் வரிசையில் அனுமதி பெற்று ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருக்கலாம். எலும்பும் புத்தகமும் கல்லூரிக்குப் போனபின் சீனியரிடமே பாதி விலைக்குக் கிடைக்கும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. அடித்தளப் பயிற்சியை முதல் வாரங்களில் கொட்டிவிட்டுக் கைகழுவாமல், வாரம் சில மணி நேரமாக முதலாண்டு முழுக்கப் பரப்பினால் கடைசிச் சுற்றில் வந்தவருக்கும் அது கிடைக்கும். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் தோற்று, விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொள்ளும் நாளில்தான் எப்படிப் படிப்பது என்ற வகுப்பின் அருமை தெரியும். அந்த நாள் பெரும்பாலும் டிசம்பரில் வருகிறது. நாம் அந்த வகுப்பை நடத்தி முடித்துவிடுவதோ அக்டோபரில்.