பத்திரத்தில் ஏறாத பங்கு

இஸ்லாம் பெண்ணுக்கு வழங்கிய சொத்துரிமையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கட்டுரைகளுக்குக் குறைவில்லை. மீலாது மலர்களிலும் மாநாட்டு மலர்களிலும் மத்ரஸா ஆண்டு விழா இதழ்களிலும் அவை வந்த வண்ணம் உள்ளன. ஒன்றை வாசித்தவர் ஏறக்குறைய எல்லாவற்றையும் வாசித்தவரே. இங்கிலாந்தில் மணமான பெண், தன் சொத்தைத் தானே ஆளும் உரிமையை முழுமையாகப் பெற 1882ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது; இஸ்லாமோ அவ்வுரிமையை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவள் கையில் கொடுத்துவிட்டது என்பதே அவற்றின் சாரம். அவ்வொப்பீடு மெய்யானது, பெருமைக்குரியது. அதில் நமக்கு வழக்கில்லை. நாம் ஈண்டு ஆராயப் புகுவது, நம் கட்டுரையாளர்கள் ஏன் அந்த 1882லேயே நின்றுவிடுகின்றனர் என்பதைத்தான்.

இங்கிலாந்தின் கதை அவ்வாண்டோடு முடியவில்லை. கிஸ்ஸிங் என்னும் தம்பதியரின் வழக்கு அந்நாட்டுச் சட்ட நூல்களில் புகழ்பெற்றது. 1935இல் மணந்து, 1951இல் ஒரு வீடு வாங்கினர். பத்திரம் கணவர் பெயரில் இருந்தது. மனைவியும் வேலைக்குச் சென்று ஊதியம் பெற்றவர். தம் சேமிப்பிலிருந்து 220 பவுன் எடுத்து அவ்வீட்டுக்குத் தட்டுமுட்டுப் பொருள்கள் வாங்கினார், புல்தரை அமைத்தார். 1961இல் கணவர் வேறொரு பெண்ணை நாடிப் பிரிந்து சென்றார். வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. 1970இல் கிடைத்த தீர்ப்பு யாதெனில், வீட்டின் விலைக்கு அவர் பணம் செலுத்தியதாக நிறுவப்படவில்லை, ஆகவே வீட்டில் அவருக்குப் பங்கில்லை என்பதாகும். அவரவர் சொத்து அவரவர்க்கே என்று 1882இல் பெண்ணைக் காக்க வந்த அதே கோட்பாடு, 1970இல் அவரை வெறுங்கையோடு வாசலில் நிறுத்தியது. அவ்வாண்டே பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றி, மணவிலக்கின்போது சொத்தைப் பிரித்தளிக்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கு வழங்கிற்று. குடும்பத்தைப் பேணிய உழைப்பையும் நீதிபதி கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி.

இந்தக் கதையின் பிற்பகுதியை நம் ஏடுகள் சொல்வதேயில்லை. சொல்ல வேண்டிய காரணம் நமக்கு மற்றவர்களைவிட அதிகம். ஏனெனில் நம் ஷரீஅத்தின் அடிப்படையும் அதே தனிச்சொத்துக் கோட்பாடுதான். நிக்காஹ் நடந்ததனால் மனைவியின் பொருள் கணவனுடையதாகாது. கணவனின் பொருளும் மனைவியுடையதாகாது. மனைவி செல்வச் சீமாட்டியாயினும் அவளுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பது கணவன் கடமை. இந்த ஏற்பாடு, அவளுடைய செல்வம் தனியே எண்ணப்பட்டுத் தனியே வைக்கப்படும்வரை, கோட்டைச் சுவர் போன்றது. இரண்டும் கலந்துவிட்டால்?

நம் ஊர்களில் கலக்காத வீடு எங்கே இருக்கிறது? மாமனார் விட்டுச் சென்ற மனை. சிங்கப்பூரிலோ துபாயிலோ கணவன் ஈட்டி அனுப்பிய பணம். அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழும்பியதும் பணம் முட்டுகிறது. தளம் போட மனைவியின் நாற்பது சவரனில் முப்பது கழற்றப்படுகிறது. முதலில் அடகுக் கடைக்கு, பின்னர் உருக்குவதற்கு. கணவன் வெளிநாட்டில் இருக்கையில் கொத்தனாருக்குக் கூலி கொடுத்தவளும், சிமெண்டு மூட்டையை எண்ணி இறக்கியவளும், செங்கல் நனைக்கத் தண்ணீர் இறைத்தவளும் அவளே. வீடு முடிந்து பால் காய்ச்சும் நாளில் அது “நம்ம வீடு”. பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தலாக்கோ குல்உவோ நேர்ந்தால், பட்டாவில் உள்ள பெயருக்கு உரிய வீடு.

அத்தகைய வேளையில் ஜமாஅத்தில் நடப்பதைக் கண்டவர் பலர். சீர்ப் பட்டியல் கொண்டுவரப்படும். கட்டில், பீரோ, அண்டா, குத்துவிளக்குவரை ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். ஒரு செம்பு குறைந்தாலும் பெண் வீட்டார் விடமாட்டார்கள். பெரியவர்களும் நியாயமாகவே அதனை வாங்கிக் கொடுப்பர். எஞ்சிய பத்துச் சவரனும் எடை போடப்படும். ஆனால் தளத்துக்குள் போன முப்பது சவரன் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதனைக் கேட்டால், “மனமொப்பித் தானே கொடுத்தாள்?” என்ற ஒரு கேள்வியில் வாதம் அடங்கிவிடும்.

இக்கேள்வியைச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும். கொடுத்தாள் என்பது உண்மை. என்னவாகக் கொடுத்தாள்? ஃபிக்ஹு நூல்கள் பொருள் கைமாறுவதை ஒரே சொல்லால் குறிப்பதில்லை. ஹிபா என்னும் அன்பளிப்பு வேறு. கர்ளு என்னும் கடன் வேறு. ஷிர்கத் என்னும் கூட்டு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனையும் தனித்தனி விளைவும் உண்டு. கடனாயின் திரும்பத் தர வேண்டும். கூட்டாயின் பங்கு தர வேண்டும். ஹிபாவாயின் திரும்பக் கேட்க இயலாது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த அன்று அவள் இம்மூன்றில் எதையும் வாயால் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில், அவளுக்குப் பாதகமான பொருளையே எப்போதும் தேர்ந்துகொள்வது ஷரீஅத்தின் கட்டளையன்று. நம் பஞ்சாயத்துகளின் சோம்பல். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கும் வசனமே அருள்மறையின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். கடைத்தெருவில் அதனைப் பின்பற்றுவோரும் படுக்கையறைக்குள் அதனைப் பேசுவது அன்புக்கு இழுக்கு எனக் கருதுகின்றனர்.

மேலும் ஒன்று. அத்தலாக் அத்தியாயத்தின் தொடக்கத்தில், மணவிலக்குச் சொல்லப்பட்ட பெண்களை இத்தாக் காலத்தில் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாதென இறைவன் தடுக்கின்றான். அங்கே அவ்வீடுகள் கணவர்களின் வீடுகள் என்று குறிக்கப்படவில்லை; அப்பெண்களின் வீடுகள் என்றே குறிக்கப்படுகின்றன. இதனால் உடைமை மாறிவிடாது, வசிக்கும் உறவே சுட்டப்படுகிறது என்பது மார்க்க அறிஞர்களின் விளக்கம். அதனை ஏற்கிறோம். ஆயினும் பிரிவின் வாசலில் நிற்கும் பெண்ணைக் குறித்துப் பேசும்போது அச்சொல் அங்கே வந்திருப்பதை, தலாக் சொன்ன இரவே மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடும் நம் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் அன்றோ?

நாட்டுச் சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும் என்பதைச் சுருங்கக் கூறுவோம். இந்தியாவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம், திருமணத்திற்கு முன்னும் பின்னும் உற்றாரும் கணவனும் அவளுக்குக் கொடுத்த சொத்துகளை மீட்கும் உரிமையை அளிக்கிறது. டேனியல் லத்தீஃபி வழக்கில் 2001இல் உச்சநீதிமன்றம், இத்தாக் காலத்திற்குள் கணவன் செய்ய வேண்டிய நியாயமான ஏற்பாடு அவளுடைய எதிர்காலத்தையும் கருத வேண்டும் என்றது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவி வசித்த வீட்டில் தங்கும் உரிமையைத் தருகிறது. தங்கும் உரிமை மட்டுமே, பங்கு அன்று. ஆக, நகை நகையாக இருந்தால் மீளலாம். செங்கல்லாகிவிட்ட நகைக்கு அவளே சான்று தேடி அலைய வேண்டும்.

காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் இதைப் படித்துப் புன்னகைக்கக் கூடும். அங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். உறவு முறிந்தால் வெளியேறுபவரும் அவரே. இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் மகளுக்குச் சீதன வீடு அளிக்கும் வழக்கம் வேரூன்றியது. இவ்வழக்கின் சிறப்பைக் குறைத்துக் கூற மாட்டோம். தலாக்குக்குப் பின் தலைக்கு மேல் கூரை இருக்கிறது என்பது சிறு செய்தியன்று. ஆனால் நான்கு பெண்களைப் பெற்றவர் நான்கு வீடு கட்ட வேண்டிய சுமையும் அதனுள் அடக்கம். அன்றியும், ஊர் வழக்கம் தாளில் ஏறாவிடின் எத்துணை மெலிது என்பதை 2004ஆம் ஆண்டின் கடல்கோள் காட்டிற்று. அலை கொண்டுபோன பெண்களின் வீடுகளுக்கு ஈடாகக் கிழக்கிலங்கையில் கட்டப்பட்ட புதிய வீடுகள் பலவற்றைக் “குடும்பத் தலைவர்” என்ற பெயரால் ஆண்களுக்கே எழுதிவிட்டனர். அதிகாரிகளின் படிவத்தில் குடும்பத் தலைவி என்றொரு கட்டம் இல்லை; தலைமுறை தலைமுறையாகத் தாய் வழி வந்த வாசற்படி ஒரு படிவத்தால் கைமாறிற்று. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைப் பார்த்தாலோ, மணமகனிடம் கொடுக்கப்படும் கைக்கூலிக்கு அது தரும் வரையறையில் பணமும் அசையும் பொருளுமே உண்டு. வீடும் நிலமும் இல்லை.

“அப்படியானால் மேனாட்டாரைப் போல் பாதிக்குப் பாதி கேட்கிறீர்களா?” என அன்பர்கள் சிலர் வினவலாம். மணந்த ஒரே காரணத்துக்காகப் பாதி என்பது நம் வாதமன்று. உழைத்தவளுக்கு உழைப்பின் கூறு, பொன் போட்டவளுக்குப் பொன்னின் கூறு என்பதே வாதம். இதனை முஸ்லிம் நாடுகளே ஏற்றுள்ளன. மலேசியாவில், பினாங்குத் தமிழ் முஸ்லிம்களுக்கும் பழக்கமான “ஹர்த்தா செப்பஞ்சாரியான்” என்னும் கூட்டுத் தேட்டம், மலாய் மக்களின் ஊர் வழக்காக இருந்து ஷரீஅத் நீதிமன்றங்களின் சட்டமாயிற்று. கூட்டரசுப் பிரதேசத்துக்கான 1984ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் உழைப்பால் மட்டுமே சேர்ந்த சொத்திலும் மற்றவர் இல்லத்தைப் பேணியதைக் கருதிப் பங்கு வழங்க இடந்தருகிறது. சம்பாதித்தவருக்குக் கூடுதல் என்றும் சொல்கிறது. இன்னும் பின்னே செல்வோமாயின், 16ஆம் நூற்றாண்டில் மொரோக்கோவின் மலைநாட்டில் வாழ்ந்த மாலிகி சட்ட அறிஞர் இப்னு அர்தூன், கணவனோடு வயலில் உழைத்த மனைவிக்கு விளைச்சலில் பங்குண்டு எனத் தீர்ப்பளித்தார். இங்கிலாந்தின் 1882ஐ மனப்பாடமாகச் சொல்லும் நம் மலர்களில் இப்னு அர்தூனின் பெயர் இடம்பெறுவது அரிது.

இன்றைய நிலையில் நம்மவர் கையிலேயே உள்ள வழிகளும் பழுதற்றவை. மஹர் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மனையும் வீடும் மஹராகலாம். முப்பது சவரனை வாங்கிய கணவன், அதற்கு ஈடாக வீட்டில் ஒரு பகுதியை மனைவி பெயருக்குப் பத்திரமாகப் பதிந்து கொடுக்கலாம். அல்லது தொடக்கத்திலேயே இருவர் பெயரிலும் கிரயம் செய்யலாம். ஹிபாவாகவே கொடுத்தாலும், உள்நாட்டு ஹனஃபிகளாயினும் கடற்கரை ஷாஃபிகளாயினும், மனைவிக்கு நிறைவேற்றிக் கொடுத்த ஹிபாவைக் கணவன் திரும்பப் பெற இயலாது. தீராதது செலவன்று, தயக்கமே. மணமேடையில் பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்பார்கள். மஹரில் பின்தவணை வைத்து எழுதுகிறோமே, அது எந்த நாளை எண்ணி?

மொரோக்கோவின் 2004ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம், கணவன் மனைவியர் சொத்து தனித்தனியே என்ற பழைய விதியை அப்படியே வைத்துக்கொண்டு, மணவாழ்வில் சேரும் சொத்தைப் பற்றித் தனி உடன்படிக்கை எழுதிக்கொள்ளலாம் என 49ஆம் விதியில் கூறுகிறது. உடன்படிக்கை இல்லாவிடின் இருவரின் உழைப்பையும் சுமையையும் நீதிபதி எடைபோடுவார். அங்கே நிக்காஹ் எழுதுவோர், இப்படியொரு விதி இருப்பதை மணமக்கள் இருவருக்கும் அன்றே எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நம் பள்ளிவாசல் தப்தரில் மஹரின் தொகைக்கும் சாட்சிகளின் கையெழுத்துக்கும் இடையில் இரண்டு வரிக்கு இடமிருக்கிறது.