வரலாறு என்ற சொல்லும் நம்மட ஊர் வரலாறுகளும்

“சேர், புத்தகத்துல ஒண்டு கிடக்கு, எங்கட மூத்தும்மா வேற ஒண்டு சொல்றா. எத எழுதுற?”

ஊர் வரலாறு பற்றிய ஒப்படையோடு வந்த ஒன்பதாம் தர மாணவி ஒருத்தியின் கேள்வி இது. ஊர்ப் பள்ளிவாசலை ஒரு பெரியவர் தன் சொந்தச் செலவில் கட்டினார் என்கிறது புத்தகம். மூத்தும்மாவோ, வீட்டுக்கு வீடு பெண்கள் பிடியரிசி ஒதுக்கி, அதை விற்ற காசில்தான் சுவர் எழும்பியது என்கிறார். புத்தகத்தில் அரிசியும் இல்லை, பெண்களும் இல்லை. அட்டையில் மட்டும் ‘வரலாறு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தச் சொல்லை அப்படிப் போட நமக்கு உரிமை உண்டா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

வரல் + ஆறு = வரலாறு. ஆறு என்றால் வழி. ஒன்று வந்த வழிதான் வரலாறு. இதை எல்லோரும் சொல்வோம். ஆனால் பழைய இலக்கண உரைகளைப் படித்தவர்களுக்கு இச்சொல்லின் இன்னொரு முகமும் தெரிந்திருக்கும். இளம்பூரணர் போன்ற உரைகாரர்கள் ஒரு விதியைச் சொன்னபின் ‘வரலாறு’ என்று குறித்துவிட்டு எடுத்துக்காட்டைத் தருவார்கள். அங்கே வரலாறு என்பது உதாரணம். சொன்ன விதிக்கு வழக்கிலிருந்தும் செய்யுளிலிருந்தும் காட்டும் ஆதாரம். சான்று காட்டாமல் பேசுவது வரலாறாகாது என்பதை இந்தப் பழைய ஆட்சியே நமக்கு உணர்த்துகிறது.

முந்திய தலைமுறை பள்ளிக்கூடத்தில் படித்தது ‘சரித்திரம்’. அது வடசொல், ஒருவருடைய நடத்தை, ஒழுகலாறு என்பது அதன் அடி. ஆகவே அது பெரியோரின் வாழ்வைச் சொல்லப் பொருத்தமான சொல். ‘இதிகாசம்’ என்பதற்கு ‘இவ்வாறுதான் இருந்தது’ என்று பொருள். யாரும் குறுக்குக் கேள்வி கேட்க அது இடம் வைப்பதில்லை. கிரேக்கரின் ‘ஹிஸ்தோரியா’வோ விசாரித்து அறிதலைக் குறித்தது. அரிஸ்டோட்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய நூலுக்கும் அச்சொல்லே தலைப்பானது அதனால்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான சொற்கள் அரபியில் உண்டு. ‘தாரீக்’ என்றால் முதலில் திகதியிடுதல். உருது பேசுவோர் இன்றும் திகதியைத் தாரீக் என்றே சொல்கிறார்கள். ‘கஸஸ்’ என்ற சொல்லின் வேர், காலடித் தடத்தைப் பின்பற்றிப் போதலைக் குறிக்கும். ஆற்றில் விடப்பட்ட குழந்தை மூஸா (அலை) அவர்களைப் பின்தொடர்ந்து போகும்படி தாய் தன் மகளிடம் சொல்லும் இடத்தில் குர்ஆன் ஆள்வதும் இந்த வேர்ச்சொல்லைத்தான். நம் இலக்கியத்தில் ‘கிஸ்ஸா’ என்று வழங்குவதும் இதே குடும்பம். ‘இப்ரத்’ என்றால் படிப்பினை. கடந்து அக்கரை சேர்தல் என்பது அதன் வேர். இப்னு கல்தூன் தன் பெருநூலுக்கு அச்சொல்லின் பன்மையான ‘இபர்’ என்பதைப் பெயராக வைத்தார்.

திகதி, தடம், படிப்பினை என்று மூன்றும் சேர்ந்தால்தான் நம் மரபில் வரலாறு. நம்மட ஊர் நூல்களை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். படிப்பினை தாராளம், வாழ்த்துரை அதைவிடத் தாராளம். திகதி கேட்டால் ‘நீண்ட காலத்துக்கு முன்’. தடம் கேட்டால் ‘என்று கூறப்படுகிறது’. யாரால் கூறப்படுகிறது? அறிவிப்பாளர் வரிசையை, இஸ்னாதை, ஒரு கலையாகவே வளர்த்தெடுத்த சமூகம் நாம். இந்த ஒரு வினைமுற்றுக்குள் ஒளிந்துகொள்ள நமக்கு வெட்கம் வர வேண்டாமா? அட்டையில் வரலாறு என்று போட்டு உள்ளே சரித்திரம் எழுதுகிறோம். அதிலும் செலவு கொடுத்தவர்களின் சரித்திரம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டுக் கட்டுரை படித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு எழுதிய விமர்சனம் 1907இல் நூலாக வந்தது. அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் இன்று நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எதிராளியின் வாதத்தை எடுத்து வைத்து மறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு சமூகத்தின் இருப்பைப் பற்றிய கேள்வி எழும்போது பெருமைப் பேச்சு எடுபடாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். எந்த ஒழுங்கையில் எந்தப் பள்ளி, எந்த வளவில் யாருடைய கிணறு என்று சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பெயரோடும் திகதியோடும் இன்று எழுதாவிட்டால், நாளை அதுவும் ‘கூறப்படுகிறது’ ஆகிவிடும்.

மாணவியின் கேள்விக்கு விடை ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரியிடம் இருக்கிறது. அவர் தன் ‘தாரீக்’கில் ஹிஜ்ரத்துக்குப் பிந்திய சம்பவங்களை ஆண்டு வாரியாக அடுக்குகிறார். ஒரே சம்பவத்துக்கு வேறுபட்ட அறிவிப்புகள் கிடைத்தால், அறிவித்தவர்களின் பெயரோடு அவற்றை அடுத்தடுத்து வைக்கிறார். நானும் அவளிடம் அதைத்தான் சொன்னேன்:

“ரெண்டையும் எழுதுங்க மகள். புத்தகத்துல எந்தப் பக்கம் எண்டு போடுங்க. மூத்தும்மாட பேர், வயசு, நீங்க கேட்ட திகதி, எல்லாம் போடுங்க. காசு குடுத்த பெரியவரையும் விட வேணாம்.”

ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தாள். பிடியரிசி போட்ட முட்டி எந்த மூலையில் இருந்தது, வாரத்தில் எந்த நாள் அதை வாங்க ஆள் வரும் என்பதுவரை கேட்டு எழுதியிருந்தாள். பெரியவர் மரம் வாங்கக் காசு கொடுத்ததை மூத்தும்மாவே ஒப்புக்கொண்டதும் அதில் இருந்தது. ஊர் வரலாறு எழுதப் புறப்படும் நம்மவர்கள் அந்த ஒன்றரைப் பக்கத்தின் அளவுக்காவது விசாரித்துவிட்டு அட்டையில் அந்தச் சொல்லைப் போடட்டும்.