விடுதலைப் பிரகடனம்: யாருடைய பிரதி?

அமெரிக்க அடிமைகளை விடுவித்தவர் லிங்கன் என்கிறது பெருங்கதையாடல். 1863 ஜனவரி 1 பிரகடனத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். கலகம் செய்த தென்பகுதி அடிமைகளுக்குத்தான் அதில் விடுதலை. யூனியனை விட்டு விலகாத கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலாவேர் அடிமைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. போர்க்கால நடவடிக்கை என்றுதான் பிரதியே தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

சரி, அந்த நடவடிக்கைக்குத் தள்ளியது யார்? 1861 மே மாதம் வர்ஜீனியாவில் வடக்குப் படை வசமிருந்த மன்றோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பி வந்தார்கள். பின்னாலேயே ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தோட்டங்களை விட்டு நடந்த இந்த வெளியேற்றத்தைப் பொது வேலைநிறுத்தம் என்று 1935இல் வாசித்தார் டூபாய்ஸ். சுமார் 1,80,000 கறுப்பர்கள் ராணுவத்திலும் சேர்ந்தார்கள்.

லிங்கன் போட்டது கையெழுத்து. அதை மட்டும் வரலாறு என்று படித்தால், தப்பி வந்தவர்கள் மறுபடியும் வெறும் பயனாளிகள் ஆகிவிடுகிறார்கள்.