நியமகிரியும் நீருரிமைச் சொற்களும்: ஒரு மொழிபெயர்ப்பு மதிப்பீடு

ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைக்கும் திட்டத்தை டோங்ரியா கோந்த் மக்கள் எதிர்த்து வென்ற வரலாறு பலரும் அறிந்ததே. கிராம சபைகளின் கருத்தைக் கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. கருத்துக் கேட்கப்பட்ட 12 கிராம சபைகளும் திட்டத்தை மறுத்தன. 2014 சனவரியில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதியை மறுத்தது. இம்மக்கள் பேசும் குவி மொழி தமிழுக்கு உறவுடைய திராவிட மொழி. ஆயினும் அவர்தம் கூற்றுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வருகின்றன. அவ்வழியில் நேரும் பொருள் மாற்றங்களுள் சில இங்கு ஆராயப்படுகின்றன.

இம்மக்கள் தம்மை 'ஜர்னியா' என்றும் குறிப்பர். இச்சொல்லை 'நீரோடைகளின் காவலர்' எனப் பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒடியாவில் 'ஜரணா' என்பது ஊற்றையும் அருவியையும் குறிக்கும். '-இயா' விகுதி சார்பையும் உறைவையும் உணர்த்துவது. 'டொங்கர்' (மலை) என்பதிலிருந்து வந்த 'டோங்ரியா' என்பதற்கு மலைவாழ்நர் என்றே பொருள் கொள்கிறோம்; மலைக்காவலர் என்பதில்லை. அவ்வாறாயின் 'ஜர்னியா' என்பதும் 'ஊற்றைச் சார்ந்தோர்' என்றே அமைதல் வேண்டும். இவ்வேறுபாடு சிறிதன்று. காவல் ஒரு பணி. அதனைப் பிறரிடம் ஒப்படைத்தல் இயலும். சார்பு வாழ்வோடு பிணைந்தது. அதற்கு ஈடு வழங்குதல் அரிது. 'உரி' என்னும் அடியிற் பிறந்த 'உரிமை' என்ற தமிழ்ச் சொல் இப்பொருளுக்கு மிகவும் அணுக்கமானது.

அடுத்தது தன்மைப் பன்மை. தமிழைப் போன்றே குவியிலும் உளப்பாட்டுப் பன்மையும் உளப்படுத்தாப் பன்மையும் வேறுபட்டவை. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. எனவே, கிராம சபைக் கூற்றொன்றை ஆங்கில வழி பெயர்ப்பவர், 'எங்கள் நீர்' என்பதா, 'நம் நீர்' என்பதா எனத் தாமே முடிவு செய்ய நேர்கிறது. முன்னது கேட்போரை விலக்கும் உரிமைக் கோரிக்கை. பின்னது அவரையும் உட்படுத்தும் பொதுமை. மூலத்தை அறியாது ஒன்றைத் தெரிவது, மக்கள் கூறாததை அவர்மேல் ஏற்றுவதாகும்.

மூன்றாவது, கோரிக்கையின் வகைமை. தீர்ப்பில் நியமராஜா வழிபாட்டுரிமை முதன்மை பெற்றதால், போராட்டத்தைச் சமயப் பூசலாக மட்டும் எழுதும் போக்கு காணப்படுகிறது. மலையுச்சிப் பாக்சைட் படலம் மழைநீரைத் தேக்கிச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுவது. எனவே அங்குத் தெய்வமும் நீரும் தனித்தனி வழக்குகள் ஆகா. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு நீர்நிலைகளின் பயன்களைச் சமூக உரிமையாக ஏற்கிறது. 5ஆம் பிரிவோ நீர்ப்பிடிப்புப் பகுதிகள் பாதுகாக்கப்படுவதை உறுதி செய்யும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் அளிக்கிறது. பயன்பாடு, பாதுகாப்பு ஆகிய இவ்விரண்டையும் மொழிபெயர்ப்பாளர் பிரித்தறிந்து வழங்குதல் வேண்டும்.

சுருங்கக் கூறின், இத்தகைய கூற்றுகளைப் பெயர்ப்போர் குவி மூலத்தை நேரே நாடுதல் இன்றியமையாதது. அதற்கு வேண்டிய இலக்கணக் கருவிகள் தமிழிலேயே உள்ளன. அவற்றைப் பயன்கொள்ளாது விடுவது, வென்ற மக்களின் சொற்களைத் தோற்கச் செய்வதாகும்.